காவல் நாயும் கைக்குழந்தையும்: தனியே விடலாமா?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோரக் கிராமங்களில் பல விவசாயக் குடும்பங்களுக்கு நாயும் ஒரு குடும்ப உறுப்பினரே. களத்தில் காயும் முண்டு மிளகாய் வற்றலை இரவில் காப்பது, ஆட்டுக் கிடையைச் சுற்றி வந்து நரியை விரட்டுவது, பனங்காட்டு விடிலியில் ஆளில்லாத நேரம் கருப்பட்டிக்குக் காவல் இருப்பது என்று கூலி கேட்காமல் அது செய்யும் வேலைகள் பல. வெள்ளாமை முடிந்த வயல்களில் கிடை போடத் தஞ்சைப் பகுதிக்கு ஆடு ஓட்டிச் செல்லும் கீதாரிகளுக்கு நாய் இல்லாமல் ஓர் இரவும் கழியாது.

இப்படி ஆட்டையும் வற்றலையும் நம்பி ஒப்படைக்கும் நாயிடம், அதே நம்பிக்கையில் குழந்தையையும் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போகும் வழக்கம் உண்டு. மிளகாய்ப் பழம் பறிக்கும் மாசி, பங்குனி மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் பெண்கள் கொல்லைக்குப் போய்விடுகிறார்கள். பாம்பன், மண்டபம் பகுதிகளில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களும் அதிகாலையிலேயே புறப்பட்டுவிடுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை திண்ணையில் தூங்குகிறது. வாசலில் நாய் படுத்திருக்கிறது. "நாய் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும்" என்று தாய் கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள்.

இது சரியா? சரியல்ல. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையை எந்த நாயுடனும், அது எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும், ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஆறு முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளைகள் பெரியவர் பார்வையிலாவது இருக்க வேண்டும். பெரியவர் இருக்க முடியாத நேரங்களில் நாய்க்கும் குழந்தைக்கும் நடுவே உறுதியான ஓர் அடைப்பு இருக்க வேண்டும். நாயின் நல்ல குணத்தை நம்பி முடிவெடுக்காமல், வீட்டில் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டை நம்பி முடிவெடுப்பதே பாதுகாப்பு.

நல்ல நாய் ஏன் கடிக்கிறது?

குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் ஊர் பெயர் தெரியாத வெறிநாய்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. சிறு குழந்தைகளுக்கு ஏற்படும் கடிகளில் பெரும்பகுதி, குழந்தை நன்கு அறிந்த நாய்களால், அதாவது சொந்த வீட்டு நாய் அல்லது பக்கத்து வீட்டு நாயால் ஏற்படுவது என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நாய்களில் பல அதற்கு முன் யாரையும் கடித்ததில்லை.

இதற்குக் காரணங்கள் எளியவை. சிறு குழந்தை நாயின் மேல் விழும். காதைப் பிடித்து இழுக்கும். கண்ணில் விரல் விடும். தூங்கும் நாயின் மேல் தவழ்ந்து ஏறும். சோறு தின்னும்போது சட்டிக்குள் கை விடும். குட்டி போட்ட நாயிடமிருந்து குட்டியைத் தூக்கும். பெரியவர் இப்படிச் செய்தால் நாய் எழுந்து விலகிப் போகும், அல்லது உறுமும். பெரியவருக்கு அந்த உறுமல் புரியும். குழந்தைக்குப் புரியாது. விலகிப் போக இடமில்லாமல் நாய் மூலையில் மாட்டிக்கொண்டால், அதன் கையில் மிஞ்சும் ஒரே வழி பல்தான்.

மேலும், குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. எனவேதான் பெரியவர்களுக்குக் கையிலும் காலிலும் படும் கடி, சிறு குழந்தைகளுக்குத் தலை, முகம், கழுத்து ஆகிய இடங்களில் படுகிறது. இந்த இடங்களில் படும் கடி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனத்தின் இயல்பையும் கவனிக்க வேண்டும். தென் மாவட்டங்களில் வளர்க்கப்படும் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்கென்று வழிவழியாக வளர்க்கப்பட்டவை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் ஊறியது. கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் குழந்தை சில சமயம் அந்த இயல்பைத் தூண்டிவிடலாம். நாட்டு நாய் ஆனாலும் சீமை நாய் ஆனாலும், பல் உள்ள எந்த நாய்க்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

சென்னையில் நடந்தது

2024ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், அங்கேயே குடியிருந்த காவலாளியின் ஐந்து வயது மகளை, அருகில் வசித்தவரின் இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. சிறுமியின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், மார்ச் மாதத்தில், ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களை வளர்க்க உரிமம் தரவேண்டாம் என்று மத்திய அரசின் கால்நடைத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தைக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் மாதத்தில் இரத்து செய்தது.

எந்த இனத்தைத் தடை செய்வது என்ற வழக்கு நகரத்துக்கு உரியது. கிராமத்து விவசாயிக்கு இதில் உள்ள பாடம் வேறு. அந்தக் குழந்தைக்கு நாய்களைத் தடுக்கும் பலம் இல்லை. நடுவே அடைப்பும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்தால், நாய் எந்த இனமாக இருந்தாலும், பட்டினமானாலும் பட்டிக்காடானாலும், விளைவு ஒன்றாகவே இருக்கக்கூடும்.

கடிக்கு முன் நாய் சொல்வது என்ன?

நாய் திடீரென்று கடிப்பதாகத் தோன்றும். உண்மையில் அது முன்கூட்டியே பலமுறை சொல்லிவிடுகிறது. குழந்தை நெருங்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்புதல், பசியோ தூக்கமோ இல்லாதபோதும் அடிக்கடி நாக்கால் உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல், வாலை இடுக்கிக்கொள்ளுதல், கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல் ஆகியவை "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று நாய் சொல்லும் அடையாளங்கள். அடுத்து உடல் மரக்கட்டைபோல் விறைக்கும். அதன் பிறகு உறுமும்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குழந்தையை உடனே தூக்கிக்கொள்ள வேண்டும். உறுமியதற்காக நாயை அடிக்கக்கூடாது. அடிவாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கப் பழகிவிடும். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியின் நாக்கை அறுத்துவிட்டால் ஆபத்து வருவது யாருக்கும் தெரியாது.

வால் ஆட்டுகிறதே என்று ஏமாறவும் கூடாது. உடல் விறைத்த நிலையில் வாலை உயர்த்தி மெதுவாக ஆட்டும் நாய் மகிழ்ச்சியில் ஆட்டவில்லை.

வேலை நாட்களில் செய்யவேண்டிய ஏற்பாடு

"பெரியவர் உடன் இருக்க வேண்டும் என்று சொல்வது எளிது, கூலி வேலைக்குப் போகாமல் குழந்தையைக் காத்துக்கொண்டு இருந்தால் அடுப்பு எரியுமா?" என்ற கேள்வி நியாயமானது. இதற்குச் செலவு குறைந்த வழி உள்ளது. குழந்தையை அடைப்பதைவிட நாயை அடைப்பது எளிது. இம்மாவட்டத்தில் பனைமட்டைக்குப் பஞ்சமில்லை. ஆட்டுக்குப் படல் கட்டத் தெரிந்தவர்களுக்கு நாய்க்குப் படல் கட்டுவது ஒரு பெரிய வேலை அல்ல. இரண்டு பேர் ஒரு நாளில் முடித்துவிடலாம்.

1. வேம்பு அல்லது பூவரசு நிழலில், பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். நாள் முழுவதும் நிழல் விழ வேண்டும்.

2. மட்டைகளின் இருபுறமும் உள்ள கருக்கை அரிவாளால் சீவி எடுத்துவிட வேண்டும். கருக்கு நாயையும் கிழிக்கும், குழந்தையின் கையையும் கிழிக்கும்.

3. மட்டைகளுக்கு இடையே குழந்தையின் கை நுழையாதபடி நெருக்கமாக வரிய வேண்டும். நாயின் மூக்கும் வெளியே நீளக்கூடாது.

4. சாதாரண நாட்டு நாய்க்கு ஐந்தடி உயரம் வேண்டும். இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நெட்டைக் கால் நாய்கள் எளிதில் தாண்டிவிடும். அவற்றுக்கு ஆறடிக்குக் குறையக்கூடாது.

5. கடற்கரை மணல் நிலத்தில் நாய் ஒரு மணி நேரத்தில் பள்ளம் பறித்து வெளியே வந்துவிடும். ஆகவே அடிப்பகுதியை ஓரடி ஆழம் புதைத்து, சுற்றிலும் கல் அல்லது உடைந்த ஓடு அடுக்க வேண்டும்.

6. கதவின் கொண்டி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

7. கவிழாத மண் சட்டியில் குடிநீர் வைக்க வேண்டும். சோற்றையும் எலும்பையும் இந்த அடைப்புக்குள்ளேயே போட வேண்டும். இதனால் நாய் அடைப்பை விரும்பித் தானாகவே வந்து படுக்கும். உணவு நேரத்துக் கடியும் தவிர்க்கப்படும்.

வேலை முடிந்து வீடு திரும்பியதும் நாயை அவிழ்த்துவிட வேண்டும். இரவுக் காவலுக்கு அது முன்போலவே பயன்படும்.

சங்கிலியில் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கட்டிய நாயிடம் குழந்தை நடந்து போய்விடும். கட்டப்பட்ட நாயால் விலகிப் போக முடியாது. நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய் சீற்றம் மிகுந்ததாகிவிடும். வேறு வழியே இல்லையெனில், குழந்தை நடமாடாத கொல்லைப்புறத்தில் கட்ட வேண்டும்.

யார் பெரியவர் என்பதிலும் தெளிவு வேண்டும். கண் பார்வை மங்கி, பகலில் கண்ணயரும் பாட்டி வீட்டில் இருப்பது காவல் ஆகாது. எட்டு வயது அக்காளும் பெரியவர் ஆகமாட்டாள். அவளும் ஒரு குழந்தைதான். நாய் பாய்ந்தால் இருவரில் எவராலும் அதைப் பிரிக்க முடியாது. இரண்டு வயது நிரம்பிய குழந்தையை ஊர் அங்கன்வாடியில் விட்டுச் செல்வது மிகச் சிறந்த வழி. அங்கன்வாடி திறப்பதற்கு முன் வேலைக்குப் புறப்பட நேர்ந்தால், நாய் அடைப்புக்குள் போன பிறகே வாசலைத் தாண்ட வேண்டும் என்பதை வீட்டு விதியாக வைத்துக்கொள்ளலாம்.

குட்டியிலேயே பழக்குதல்

நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பின்னாளில் பெரும்பாலும் அஞ்சுவதில்லை. இந்தக் காலத்தில் பெரியவர் முன்னிலையில் குழந்தைகளின் குரல், ஓட்டம், கை தொடுதல் ஆகியவற்றுக்கு மென்மையாகப் பழக்க வேண்டும். கயிற்றைக் கட்டி இழுத்தும், கல்லால் அடித்தும் குழந்தைகள் விளையாடினால், வளர்ந்த பின் அந்த நாய் குழந்தைகளை எதிரியாகவே எண்ணும்.

பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீட்டுக்கு வரும்போது தனிக் கவனம் தேவை. அதுவரை திண்ணையில் படுத்த நாயைக் குழந்தை வந்த அன்று திடீரென்று விரட்டினால் அது குழப்பமடையும். பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே நாயின் படுக்கையை அடைப்புக்கு மாற்றிவிட வேண்டும். தூளியில் அழும் குழந்தையை நாய் மோப்பம் பிடிக்கும், இழுத்தும் பார்க்கலாம். தூளி கட்டிய அறைக்குள் நாய் நுழைய விடக்கூடாது.

குழந்தைக்குச் சொல்லித் தரவேண்டியவை

நான்கு வயது முதல் குழந்தைகளுக்குச் சில பழக்கங்களை விளையாட்டாகவே கற்றுத் தரலாம். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், கட்டிப்போட்ட நாய் ஆகிய நான்கின் அருகே போகக்கூடாது. நாயின் முகத்தோடு முகம் வைக்கக்கூடாது. நாயைக் கண்டு ஓடக்கூடாது. தெரியாத நாய் வந்தால் கைகளை உடம்போடு ஒட்டி, நாயின் கண்ணைப் பார்க்காமல், பனைமரம் போல் அசையாமல் நிற்க வேண்டும். தள்ளிவிட்டால் முழங்காலை மடக்கி, கழுத்தைக் கைகளால் மூடி, அம்மிக்கல் போல் சுருண்டு கிடக்க வேண்டும்.

இராமேசுவரம், பாம்பன் போன்ற மீன்பிடி ஊர்களில் கருவாடு காயும் இடங்களிலும் மீன் கழிவு கொட்டும் இடங்களிலும் நாய்கள் கூட்டமாகத் திரியும். கூட்டத்தில் உள்ள நாயின் குணம் தனி நாயின் குணத்துக்கு மாறானது. இரையின் அருகே பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடிக்காத நாயாலும் கேடு உண்டு

ஆடு அறுக்கும்போது ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் இருந்தால் அவற்றை நாய்க்கு எறியும் வழக்கம் உண்டு. அந்தக் கட்டிகளுக்குள் ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவம் உள்ளது. அது நாயின் குடலில் வளர்ந்து முட்டையிடும். முட்டைகள் நாயின் சாணத்தோடு வெளிவந்து அதன் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். நாயைக் கட்டிப்பிடித்த குழந்தை அதே கையை வாயில் வைத்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகு குழந்தையின் ஈரலிலும் நீர்க்கட்டி தோன்றக்கூடும். எனவே கட்டி உள்ள உறுப்புகளை எரிக்க வேண்டும் அல்லது ஆழப் புதைக்க வேண்டும். கால்நடை மருத்துவர் ஆலோசனைப்படி நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும்.

கடித்துவிட்டால் செய்யவேண்டியவை

ரேபிஸ் எனப்படும் வெறிநோய் தோன்றிய பின் காப்பாற்ற மருந்து இல்லை. வருமுன் தடுக்க நிச்சயமான மருந்து உண்டு. மனிதர்க்கு வரும் இந்நோயில் நூற்றுக்கு 99 நாய்களாலேயே வருகிறது. வெறி பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஊற்றும் தண்ணீரில், முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கிணற்று உவர்நீரில் சோப்பு நுரைக்காது. குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீர்க் குடத்தையே எடுத்து ஊற்றுங்கள். அன்றைக்கு அந்தத் தண்ணீருக்கு அதைவிட நல்ல பயன் இல்லை. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் வைக்கக்கூடாது. மிளகாய்த் தூள் விஷத்தை முறிக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது காயத்தைப் புண்ணாக்கிக் கிருமி நரம்புக்குள் செல்லவே உதவும்.

கழுவியவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று அஞ்சி இன்றும் சிலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து 2004ஆம் ஆண்டு இறுதியோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று போடுவது கையில்தான். அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக முதல் நாள், பின்னர் 3, 7, 28ஆம் நாட்கள் என்று நான்கு முறை போடுகிறார்கள். காயம் ஆறிவிட்டது, பறிப்பு வேலை இருக்கிறது என்று கடைசி ஊசியை விட்டுவிடக்கூடாது.

இரத்தம் வரும்படி கடித்திருந்தால், சிறப்பாக முகத்திலும் தலையிலும் கடித்திருந்தால், தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் செலுத்த வேண்டும். இது பக்கத்தில் எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பதை இன்றே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வண்டி வேண்டுமெனில் 108ஐ அழைக்கலாம்.

"எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது" என்று சும்மா இருந்துவிடக்கூடாது. கடித்த நாயை அடித்துக் கொல்லவும் கூடாது. அடைப்புக்குள் விட்டுப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நலமாக இருந்தால் மேற்கொண்டு ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

இன்னொன்றும் முக்கியம். திட்டுக்கும் அடிக்கும் அஞ்சிக் குழந்தைகள் சிறு கடியையும் கீறலையும் மறைத்துவிடும். கீறலின் மேல் நாய் நக்கினாலும் ஆபத்துதான். மாலையில் குளிப்பாட்டும்போது உடம்பைப் பார்த்து, அதட்டாமல் கேட்க வேண்டும். சொன்ன குழந்தையை அடிக்கக்கூடாது.

வரும்முன் காத்தல்

மூன்று மாதக் குட்டிக்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசியும், அதன் பின் ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பர் 28ஆம் தேதி உலக வெறிநோய் நாளை ஒட்டி நடக்கும் தடுப்பூசி முகாம்களைப் பற்றி அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்து அறியலாம்.

1885ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தை முதலில் செலுத்தியது, நாயிடம் கடிபட்ட ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு. அவன் பிழைத்தான். தமிழ்நாட்டிலும் 1907ஆம் ஆண்டிலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. மருந்து வந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும் குழந்தைகள் கடிபடுவது நின்றபாடில்லை. மருந்து கடிக்குப் பின் வருவது. கடிக்கு முன் செய்யக்கூடியது வீட்டாரின் கையில்தான் இருக்கிறது.

நாயை விரட்டிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கிடைக்கும் களத்துக்கும் அது தேவை. மிளகாய்ச் செடியில் கை வைப்பதற்கு முன் ஆடு நுழையாமல் வேலி அடைப்பது போல, இந்தப் பறிப்புக் காலம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி நாய்க்கு ஒரு படல் கட்டி முடித்தால், கொல்லையில் குனிந்து பழம் பறிக்கும் தாய் வீட்டை நினைத்து அஞ்சாமல் வேலை செய்யலாம்.